தம் கட்டாதீர்கள்: ஸ்கூபா கற்கப் போகிறவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா மேலேயிருந்து தள்ளிவிடுவார். நாலு மடக்கு குடித்து, மூக்கில் ஏறி, எப்படியோ படிக்கல்லைப் பிடித்துவிட்டால் பாதி நீச்சல் வந்த மாதிரி. அதற்கு அடுத்த கட்டம், தம் கட்டி அடி வரைக்கும் போய் மண் அள்ளி வருவது. மேலே வந்து கையை விரித்துக் காட்டினால்தான் நம்புவார்கள்.

பல வருடம் கழித்து அந்தமானில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது, கற்கப் போனபோது இந்தப் பழக்கம்தான் வினையாக வந்தது. இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, வாயில் ரெகுலேட்டரை (டேங்கிலிருந்து காற்றைத் தரும் கருவி) கடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டதும் என்னையறியாமல் மூச்சை நிறுத்திவிட்டேன். சொல்லிக்கொடுத்தவர் போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப் பையன். முந்தின நாள் மாலைதான் அவரிடம் என் கிணற்றுப் பெருமையை அளந்திருந்தேன். தோளைத் தட்டி எழுப்பி, "அண்ணா, இது கிணறு இல்ல. தம் கட்டாதீங்க. இழுங்க, விடுங்க, அவ்வளவுதான்" என்றார். நான்கு நாள் படிப்பில் நான் கேட்டதிலேயே முக்கியமான பாடம் அதுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் கரையில் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

சும்மா ஒரு தடவையா, முழுப் படிப்பா?

சுற்றுலாப் பேக்கேஜில் ஸ்கூபா என்று விற்பது பெரும்பாலும் அறிமுக டைவ். கொஞ்ச நேரம் பாடம், பிறகு ஒருவர் உங்கள் டேங்கைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு சுற்றிக் காட்டுவார். அதிகபட்சம் 12 மீட்டர்தான். நீச்சல் தெரியாதவர்களும் போகலாம். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டுபவர் அவர், நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்.

நீங்களே ஓட்ட வேண்டுமென்றால் ஓப்பன் வாட்டர் டைவர் படிப்பு. பாடி, எஸ்எஸ்ஐ என்ற இரண்டு அமைப்புகளின் சான்றிதழ்தான் நம் பக்கம் அதிகம் கிடைக்கிறது. (சென்னைக்காரர்களுக்குப் பாடி என்றால் மேம்பாலம்தான் ஞாபகம் வரும். இது வேறு. 1966-ல் அமெரிக்காவில் தொடங்கியது.) எது நல்லது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். ஆரம்பநிலைக்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லிக்கொடுக்கும் ஆள் யார் என்பதுதான் விஷயம். படிப்பு மூன்று நான்கு நாள் ஆகும். வகுப்புப் பாடம், நீச்சல் குளத்திலோ அலையில்லாத ஆழமற்ற நீரிலோ பயிற்சி, பிறகு கடலில் குறைந்தது நான்கு டைவ். முடித்தால், துணைக்கு இன்னொரு டைவருடன் 18 மீட்டர் வரை உலகில் எங்கும் இறங்கலாம். சான்றிதழ் காலாவதி ஆகாது. 10 வயது நிறைந்தால் சேரலாம், சிறுவர்களுக்கு ஆழக் கட்டுப்பாடு உண்டு. செலவு இடத்தையும் பருவத்தையும் பொறுத்தது. படிப்புக்கு மட்டும் 25,000-லிருந்து 40,000 ரூபாய் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். பயணமும் தங்குமிடமும் தனி.

நீச்சல் வேண்டும், ஆனால் போட்டிக்குப் போகிற நீச்சல் வேண்டாம். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். எந்த நீச்சலாகவும் இருக்கலாம், நேரக் கணக்கு இல்லை. அப்புறம் 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். 25 மீட்டர் குளத்தில் எட்டு நீளம் போய்வர முடிகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை.

உடம்பைப் பற்றி உண்மை சொல்லுங்கள்

சேரும்போது ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரல் அல்லது காது அறுவைச் சிகிச்சை என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் மருத்துவர் கையெழுத்து தேவைப்படலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் டைவ் செய்யக் கூடாது. என்னுடன் வந்த நண்பருக்குச் சின்ன வயதில் வீசிங். அந்தக் கேள்வியைத் தீவில் போய்த்தான் முதன்முதலாகப் படித்தார். மருத்துவரைத் தேடி அலைந்ததில் ஒரு முழு நாள் போனது. படிவத்தை முன்னாடியே மின்னஞ்சலில் வாங்கி, ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். பணம் கட்டியாயிற்றே என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுகிறவர்கள் உண்டு. ஆஸ்துமா என்பது மூச்சுக் குழலில் காற்று சிக்கிக்கொள்கிற நோய். தண்ணீருக்கு அடியில் அப்படிச் சிக்கும் காற்று என்ன செய்யும் என்பது கீழே வரும், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சளி பிடித்திருந்தால் அன்று இறங்காதீர்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கி, பாதியில் அதன் வேகம் தீர்ந்துவிட்டால் மேலே வரும்போது காதும் சைனஸும் அடைத்துக்கொள்ளும். அந்த வலியோடு ஆழத்தில் மாட்டிக்கொள்வது கொடுமை.

கண்ணாடி போடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். பவர் உள்ள மாஸ்க் பல மையங்களில் வாடகைக்குக் கிடைக்கும். சாஃப்ட் லென்ஸும் போடலாம். மீசை வைத்திருப்பவர்களுக்குத்தான் ஒரு சங்கடம். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு மேலுதட்டில் ஒட்ட வேண்டிய இடத்தில் முடி இருந்தால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டால் போதும். நீள முடி உள்ளவர்கள் இறுக்கிப் பின்னிக்கொள்ளுங்கள். நெற்றியில் ஒரு முடி மாட்டினாலும் கசியும்.

எங்கே, எப்போது

நான் கற்றது அந்தமானின் ஹேவ்லாக் தீவில். 2018-ல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். படகுக்காரர் முதல் ஹோட்டல்காரர் வரை இன்னும் ஹேவ்லாக்தான். போர்ட் பிளேரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, டிக்கெட் போடும்போது குழம்ப வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அங்கிருந்து ஃபெர்ரி. ஆரம்பநிலைக்கு இந்த இடத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பு, 27 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். நீமோ ரீஃப் மாதிரி கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய ஆழமற்ற பவளத்திட்டு இருக்கிறது. போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர், பயிற்சி மையங்களிலும் தமிழில் விளக்க ஆள் கிடைக்க வாய்ப்பு உண்டு. பயம் வந்த நேரத்தில் தாய்மொழியில் ஒரு வார்த்தை கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே போனால் தெரியும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். தென்மேற்குப் பருவமழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

புதுச்சேரியிலும் கற்கலாம், சென்னையிலிருந்து பஸ் பிடித்தால் போதும், செலவும் மிச்சம். ஆனால் வங்காள விரிகுடா அங்கே ஒரு நாள் கண்ணாடி, மறு நாள் மோர். வடகிழக்குப் பருவமழையில் பக்கமே போக வேண்டாம். அங்கே கற்றவர்கள் எந்தக் கடலிலும் சமாளிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அலை அடிக்கிற படகில் உடை மாட்டிப் பழகியவர்களுக்கு அது பொருந்தும்தான்.

இலங்கை என்றால் திருகோணமலை, நிலாவெளி, புறாத்தீவு. கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மேற்கு, தெற்குக் கரைகளுக்கு நேர் எதிர், நவம்பர் முதல் ஏப்ரல். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. கேட்டவுடன் ஆசை வரும். அது 50 மீட்டருக்கும் கீழே. உங்கள் எல்லை 18. ஆசையை மடித்து உள்ளே வையுங்கள்.

மையத்தைத் தேர்வு செய்யும்போது நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை மாணவர்கள்? எட்டு வரை விதியில் இடமுண்டு, நாலுக்கு மேல் என்றால் நான் போக மாட்டேன். படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா? பக்கத்தில் ரீகம்ப்ரஷன் சேம்பர் (வேகமாக மேலே வந்து பாதிக்கப்பட்டவரை மறுபடி அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் அறை) எங்கே? பாடியிலோ எஸ்எஸ்ஐயிலோ இன்ஸ்ட்ரக்டரின் உறுப்பினர் எண் என்ன? எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள் என்றால் பதில் கிடைத்துவிட்டது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேர்ந்திருக்காமல் இருக்கலாம், அந்தப் பொடி எழுத்தையும் படியுங்கள்.

தம் கட்டினால் என்ன ஆகும்

இப்போது பாடத்துக்கு வருவோம். முதலில் ஒரு தப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. நாம் இங்கே சுவாசிக்கிற அதே காற்று, வடிகட்டி அழுத்தி அடைத்தது. ரெகுலேட்டர் என்கிற கருவி அந்தக் காற்றை நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு இறக்கி, நீங்கள் இழுக்கும்போது மட்டும் கொடுக்கும். 1943-ல் பிரான்சில் ஜாக் கூஸ்டோவும் எமில் காஞ்யனும் செய்த அக்வாலங் கருவியின் வாரிசுதான் இது.

கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேற்பரப்பில் 1, 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3. இதன்படி, 10 மீட்டரில் ஒரு பலூனை ஊதிக் கட்டி விட்டால் மேலே வரும்போது அது இரண்டு மடங்காக உப்பும். உங்கள் நுரையீரலும் ஒரு பலூன்தான். கிணற்றில் தம் கட்டிப் போனபோது மேலே இழுத்த காற்று கீழே சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்கே வந்தது. அதனால் ஆபத்து வரவில்லை. ஸ்கூபாவில் கீழேயே அழுத்தமான காற்றை முழுதாக நிரப்புகிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது விரிய இடமில்லாமல் நுரையீரலைக் கிழிக்கும். நாலைந்து அடி ஆழத்திலிருந்து வந்தால்கூட இது நடக்கலாம். அதனால்தான் இடுப்பளவு தண்ணீரிலேயே அந்தப் பையன் என்னைத் தட்டி எழுப்பினார். வாயில் ரெகுலேட்டர் இல்லாத நேரத்திலும் மெல்லிசாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கச் சொல்வார்கள்.

இன்னொன்று நைட்ரஜன். ஆழத்தில் இருக்க இருக்க உடம்பில் நைட்ரஜன் கரைந்து சேரும். மெதுவாக வந்தால் மூச்சு வழியே தானாக வெளியேறிவிடும். வேகமாக வந்தால் கோலி சோடாவை உடைத்த கதை, பொங்கிக்கொண்டு குமிழி வரும். சோடாவில் பொங்கினால் சட்டைதான் நனையும். மூட்டிலும் முதுகுத்தண்டிலும் பொங்கினால் நடக்க முடியாமல் போகலாம்.

எழுத்துத் தேர்வு ஒன்று உண்டு, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். மேலே சொன்ன இரண்டும் புரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

குளத்துப் பயிற்சி

எல்லோரும் பயப்படுவது மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றும் பயிற்சிக்குத்தான். நானும் பயந்தேன். கண்ணெரிச்சல் ஒரு பக்கம், மூக்கில் ஏறிவிடுமோ என்ற கிலி ஒரு பக்கம். முறை இதுதான். மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு இரண்டு விரலால் அழுத்துங்கள். வாயால் இழுங்கள். முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு மூக்கால் நிதானமாக விடுங்கள். காற்று மேலே சேரச் சேர தண்ணீர் கீழ் விளிம்பு வழியாகத் தானே ஓடிவிடும். நான் முதல் தடவை சளி சிந்துவது போல ஒரே வேகத்தில் ஊதினேன். பாதிதான் போனது. இரண்டாம் தடவை "ம்ம்ம்" என்று தாலாட்டு முனகுகிற மாதிரி நீளமாக விட்டேன், சுத்தமாகிவிட்டது. வீட்டிலேயே ஒரு பழக்கம் செய்து பார்க்கலாம். வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து ஸ்நார்கல் குழாயில் வாயால் மட்டும் மூச்சு விடுங்கள், மாஸ்க் இல்லாமல். மூக்கில் தண்ணீர் பட்டும் மூச்சு ஓடுகிறது என்று உடம்புக்குப் புரிந்துவிட்டால் அப்புறம் பயம் பாதியாகிவிடும்.

மற்றவை வரிசையாக வரும். வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைக் கையை வளைத்துத் தேடி எடுப்பது, துணைவரின் உபரி ரெகுலேட்டரில் மூச்சு வாங்குவது, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய எடையைக் கழற்றிப் போடுவது. எல்லாம் செய்யச் செய்ய வரும். இன்று வரவில்லை என்றால் இன்னொரு தடவை கேளுங்கள், அவசரப்படுத்தினால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கைச் சைகையில் ஒரு பொறி இருக்கிறது. கட்டைவிரலைத் தூக்கினால் நமக்கு "சூப்பர்". தண்ணீருக்குள் அதற்கு "மேலே போகலாம்" என்று அர்த்தம். சரி என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். மாஸ்க் பயிற்சி சரியாக வந்த சந்தோஷத்தில் நான் கட்டைவிரலைத் தூக்க, இன்ஸ்ட்ரக்டர் பதில் பேசாமல் என்னை மேலே கூட்டிப்போய்விட்டார். இரண்டு தடவை.

கடலில் முதல் நாள்

காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். படகில் குமட்டுகிறவர்கள் முன்னாடியே மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள், தூக்கம் வராத வகையாக. (உள்ளே வாந்தி வந்தால்? ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதற்குள்ளேயே எடுக்கலாம், வெளியேறிவிடும். மீன்களுக்கு விருந்து.) மாஸ்க் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்து அலசுங்கள், பனி மூடாது. அசிங்கப்படாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

குதிப்பதற்கு முன் ஜோடியாகச் சோதனை. காற்றுச் சட்டை (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேல்சட்டை) உப்புகிறதா, எடை சரியா, வார்கள் மாட்டியிருக்கிறதா, டேங்க் முழுதாகத் திறந்திருக்கிறதா. டேங்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் அளவுமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலைந்து தடவை இழுங்கள். முள் ஆடினால் டேங்க் சரியாகத் திறக்கவில்லை.

இறங்கும்போது காதுதான் எஜமான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் கீழே, தலை மேலே. முதல் அடியிலிருந்தே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன் செய்யுங்கள். வலி வந்த பிறகு ஊதுவது தாமதம். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வாருங்கள், எச்சிலை விழுங்குங்கள், மறுபடி முயலுங்கள். முக்கி ஊதினால் காது கெட்டுவிடும். மற்றவர்கள் கீழே காத்திருக்கிறார்களே என்று பார்க்காதீர்கள், காத்திருக்கட்டும்.

கீழே போனதும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கிணற்றுக்காரர்களுக்கு இது இன்னொரு தண்டனை, கை சும்மா இருக்காது. அங்கே முன்னே போவது காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸின் வேலை, மேலே கீழே போவது மூச்சின் வேலை. ஆழமாக இழுத்தால் ஒன்றிரண்டு விநாடி கழித்து உடம்பு மெல்ல எழும்பும். விட்டால் தாழும். அந்த ஒன்றிரண்டு விநாடித் தாமதம் பிடிபடாமல்தான் புதியவர்கள் பவளத்தில் முட்டுவதும் திடீரென்று மேலே மிதப்பதும். எனக்கு மூன்றாவது டைவில் பிடிபட்டது. மணலுக்கு ஒரு முழம் மேலே, எதையும் பிடிக்காமல் நின்றேன். மூச்சை இழுக்கும்போது எதிரே இருந்த கடல்தாமரை என் தாடைக்குக் கீழே போனது, விட்டபோது கண்ணுக்கு நேரே வந்தது. அதற்குள்ளிருந்த ஆரஞ்சு நிறக் கோமாளிமீன் வெளியே வந்து மாஸ்க்கை ஒரு முட்டு முட்டிவிட்டுப் போனது. அது இருக்கிற அளவுக்கு அதற்குக் கோபம் அதிகம்.

எதையும் தொடாதீர்கள். கல்லைப் போலவே இருக்கும் மீன் ஒன்று முதுகில் விஷ முள்ளோடு படுத்திருக்கும். பவளம் உயிருள்ளது, சட்டப் பாதுகாப்பும் உள்ளது. செத்த பவளத் துண்டைப் பையில் போட்டு வந்தாலும் விமான நிலையச் சோதனையில் மாட்டுவீர்கள்.

காற்றுக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வழக்கமான டேங்க் 11 லிட்டர், 200 பார் அழுத்தம் (ஒரு பார் கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம்). அதாவது 2,200 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடக் கூடாது, அது 550 லிட்டர். மீதி 1,650. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், அழுத்தம் இரண்டு மடங்கான 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார். ஆக 40 நிமிடம். பதறி வேகமாக மூச்சு விட்டால் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். அளவுமானியை இன்ஸ்ட்ரக்டர் கேட்பதற்கு முன்பே பார்க்கப் பழகுங்கள்.

மேலே வரும்போது உங்கள் குமிழியை முந்தாதீர்கள், கையில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர் (ஆழம், நேரம், மேலேறும் வேகம் காட்டும் கடிகாரம் போன்ற கருவி) சொல்லும் வேகத்தை மீறாதீர்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, பிறகு வாருங்கள். தலைக்கு மேல் படகு இருக்கிறதா என்று பார்த்து ஒரு கையை உயர்த்திக்கொண்டு வெளியே வர வேண்டும். மூச்சு? ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முடித்த பிறகு

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். நான் ஒரு முழு நாளே விட்டேன். நைட்ரஜன் மிச்சம் இருக்கும்போது விமானத்தில் அழுத்தம் குறைந்தால் மறுபடி கோலி சோடாதான். டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டுப் படிப்பை அதற்குள் திணிக்கிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள்.

ஒவ்வொரு டைவையும் அன்றே பதிவேட்டில் எழுதுங்கள். ஆழம், நேரம், எத்தனை கிலோ எடை கட்டினீர்கள், எவ்வளவு காற்று மிஞ்சியது. அடுத்த முறை வேறு ஊரில் எடை கேட்கும்போது இந்தக் குறிப்புதான் உதவும். ஆறு மாதத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால் குளத்தில் ஒரு மணி நேரம் பழசைப் புதுப்பித்துக்கொண்டு போங்கள்.

கருவிகளை உடனே வாங்க வேண்டாம், ரெகுலேட்டரும் காற்றுச் சட்டையும் எங்கும் வாடகைக்குக் கிடைக்கும். மாஸ்க் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். கடையில் வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் மாஸ்க். புதுக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு படலம் இருக்கும், அதோடு போனால் எத்தனை எச்சில் துப்பினாலும் பனி மூடும். பற்பசை வைத்து விரலால் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தடவை. ஜெல் வேண்டாம், பழைய வெள்ளைப் பற்பசை.